தக திமி தகிட

எங்கள் வீட்டுக் கீபோர்டு மகனுக்காக வாங்கியது. அவன் பாதியில் விட்டுவிட்டான். ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதன்மேல் துவைத்த துணிதான் கிடந்தது. போன வருஷம், 52 வயதில், துணியை எடுத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். பழகியது அவன் வைத்துவிட்டுப் போன 'மைக்ரோகாஸ்மாஸ்' புத்தகங்களை வைத்து.

ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய 153 சின்னச் சின்னப் பியானோ பாடங்கள், ஆறு தொகுதிகளாக. முதல் இரண்டையும் தன் மகன் பேட்டருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். ஆரம்பம் பரம சாது. இரண்டு கைக்கும் ஒரே மெட்டு, ஐந்து விரலும் வைத்த இடத்தில் இருந்தால் போதும். போகப் போகத்தான் மனுஷர் வேலையைக் காட்டுகிறார். 142வது பாடம் ஓர் ஈயின் டைரி! சிலந்தி வலையில் மாட்டிப் பதறித் தப்பிக்கிற ஈ. கருவாடு காயும் கட்டுமாவடிக்காரிக்கு ஈயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அது ஆறாம் தொகுதி. என் விரலுக்கு ரொம்ப தூரம்.

நான் முட்டிக்கொண்டு நின்றது 113ல். 'பல்கேரியத் தாளம்' என்று தலைப்பு. இரண்டு, இரண்டு, மூன்று என ஏழு எண்ணிக்கை. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த கை, எட்டாவதாக ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டது. இரண்டு வாரம் போராடினேன். அப்போதுதான் கவனித்தேன், மகனின் பென்சில் குறிப்புகளும் அந்தப் பக்கத்தோடு நின்றிருந்தன. சோம்பேறி என்று அவனை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

வழி கிடைத்தது ஒரு கல்யாண வீட்டில். தவில்காரர் மிச்ர சாபு வாசித்தார். தகிட தகதிமி, மூன்றும் நாலும் ஏழு. வீட்டுக்கு வந்து அதையே திருப்பிப் போட்டேன்: தக திமி தகிட. எண்ணுவதை விட்டுவிட்டு, வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தேன். 'தகிட'வை மட்டும் அவசரப்பட்டு விழுங்கிவிடக் கூடாது. மூன்று எழுத்துக்கும் சம இடம் வேண்டும். வேகம் இல்லைதான், ஆனால் விழாமல் கடைசி வரி வரைக்கும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூப்பிட்டு, போனைக் கீபோர்டு பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நூத்திப் பதிமூணா?" என்றான். "அதுலதாம்மா நான் விட்டேன்."

"தெரியும்டா. தக திமி தகிடன்னு சொல்லிப் பாரு."

சொன்னான். இரண்டு தடவை சொல்லிவிட்டு, "இடது கை முந்துதும்மா. இன்னொரு தடவை வாசி" என்றான்.