களை பிடுங்குகிறவர்கள்

"களையைப் பிடுங்கி எறி என்று பைபிளே சொல்லுகிறதே!" என்றார் ஒரு நண்பர். தம் கொள்கைக்கு ஒத்துவராத மனிதர்களைத்தான் அவர் களை என்றார். நல்ல படிப்பாளி. ஆனால், அவர் சொன்னதற்கு நேர் எதிரானதல்லவா மத்தேயுவின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது?

கோதுமை விதைத்த வயலில் பகைவன் இரவோடிரவாகக் களையை விதைத்துவிட்டுப் போகிறான். பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்புவரை இரண்டும் வளரட்டும் என்கிறான் எஜமான். அந்தக் களை கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே இருக்கும் என்பார்கள். நம் குடியானவன் இந்த யோசனையைக் கேட்டால் சிரிப்பான். பயிருக்குக் களையெடுப்புதான் நியாயம். மனிதர்களுக்கு அந்த நியாயம் செல்லாது என்பதல்லவா கதை!

கோடாலியும் அதே நூலில்தான் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. கனி தராத மரம் வெட்டுண்டு நெருப்பில் போடப்படும் என்று எச்சரிக்கிறான் யோவான் ஸ்நானகன். ஆனால் அந்தக் கோடாலியை அவன் கேட்டவர்கள் கையில் கொடுக்கவில்லை. திருந்துங்கள் என்றுதான் சொன்னான். லூக்காவிலோ, மூன்று வருஷம் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்லுகிறான் சொந்தக்காரன். கொத்தி எருப்போட இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான் தோட்டக்காரன். மறு வருஷம் மரம் காய்த்ததா? லூக்கா சொல்லவில்லை.

உவமையைத் திரித்தவர்கள் சாமானியர்களல்லர். கோதுமைக்குச் சேதமில்லை என்றால் களையைப் பிடுங்கலாம் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாதித்தார் தாமஸ் அக்வினாஸ். சேதமில்லை என்று தீர்மானிப்பவர் யார்? பிடுங்குகிறவரேதான்! 1553-இல் ஜெனீவாவில் செர்வீட்டஸை உயிரோடு கொளுத்தினார்கள். மறு வருஷமே காஸ்டெல்லியோ இந்த உவமையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தக் கொடுமையை எதிர்த்து நூல் வெளியிட்டார். வயல் என்பது உலகம் என்று இயேசுவே விளக்கியிருப்பதை 1644-இல் எடுத்துக்காட்டி, மனச்சாட்சியைத் தண்டிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றார் ரோஜர் வில்லியம்ஸ். என் கட்சி இவர்கள் கட்சிதான்.

"பருவமில்லாத காலத்தில் அத்திமரத்தைச் சபித்துப் பட்டுப்போகச் செய்தாரே இயேசு, அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று மடக்கினார் நண்பர். மாற்கு பதினொன்றில் இருப்பதுதான். எனக்கும் அது உறுத்துகிற இடமே, மழுப்ப மாட்டேன். ஆனால், பட்டுப்போன மரத்தைப் பேதுரு காட்டியபோது அவர் பேசியதையும் முழுக்கப் படிக்க வேண்டாமா? விசுவாசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஜெபம் செய்ய நிற்கும்போது எவன்மேலாவது குறையிருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லுகிறார். மரத்தோடு நிறுத்திக்கொண்டார் நண்பர். அடுத்த முறை அவர் இன்னும் சில வரிகள் தாண்டிப் படிக்கட்டும். களைக்கொத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.