தம்பி சொல்வதைக் கேட்டிருக்கிறோமா?

நம் தெருவில் முதல் பட்டதாரிக்கு வேலை கிடைத்ததும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "தம்பியப் பாத்துக்கப்பா." நாமும் தலையாட்டுகிறோம். பணம் அனுப்புகிறோம், புத்தி சொல்கிறோம். தம்பி குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று தகவல் வந்தால் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறோம். இந்தப் பொறுப்பு உண்மையில் என்ன என்று ஒரு சிறுகதை நம்மைக் கேட்கிறது.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1957இல் எழுதி வெளிவந்த 'சோனீஸ் ப்ளூஸ்' அது. களம் நியூயார்க்கின் ஹார்லெம். கதை சொல்பவர் அல்ஜீப்ரா ஆசிரியர். தம்பி சோனி ஹெராயின் வழக்கில் கைதானதை ரயிலில் போகும்போது செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். சிறையிலிருக்கும் தம்பிக்கு நெடுநாள் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. சின்ன மகளைப் போலியோவுக்குப் பறிகொடுத்த பிறகுதான் எழுதுகிறார்.

வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது மாணவர்கள் பலர் அண்ணன் பக்கமே நின்றார்கள். "படிச்சார், வேலைக்குப் போனார், குடும்பத்தைப் பாத்தார். கெட்டுப்போனது தம்பி. இவர் என்ன தப்பு செஞ்சார்?" நியாயமான கேள்விதான்.

பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. அம்மா இறப்பதற்கு முன் மூத்தவனிடம் ஓர் உண்மையைச் சொல்கிறாள். அப்பாவுக்கும் உடன்பிறந்தவர் ஒருவர் இருந்தார். கிடாரோடு நடந்துவந்த அவர் மேல் குடிபோதையிலிருந்த வெள்ளையர்கள் காரை ஏற்றிக் கொன்றுவிட்டு நிற்காமல் போனார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் சோனியை ஒப்படைக்கிறாள். அவள் கேட்டது தம்பியைத் திருத்தச் சொல்லி அல்ல, கூட இருக்கச் சொல்லி. அண்ணன் காதில் விழுந்ததோ 'திருத்து' என்பது மட்டும்தான். இசைக்கலைஞன் ஆவேன் என்கிறான் சோனி. படிப்பை முடி என்கிறார் இவர். சோனி கொண்டாடும் சார்லி பார்க்கரின் பெயரையே இவர் கேள்விப்பட்டதில்லை.

சோனியின் வீழ்ச்சி ஒருவனுடைய ஒழுக்கக்கேடு மட்டும் என்றால், தன் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் அந்த ஆசிரியர் சோனியை ஏன் பார்க்கிறார்? அந்தத் தெருக்களும் நிறவெறியும் சேர்ந்து செய்தது அது. தப்பித்தவர் தன் திறமையால் மட்டும் தப்பித்ததாக நம்பும்போது தப்பிக்காதவனைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்.

இது நமக்கு அந்நியமான கதை அல்ல. 1972இல் மும்பையில் உருவான தலித் பேந்தர்கள் தம் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். 1978இல் பாம்செஃப்பைத் தொடங்கிய கன்ஷிராம், சமூகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று படித்த ஊழியர்களிடம் கேட்டார். அந்தக் கடனை நாம் பெரும்பாலும் பணத்தாலும் அறிவுரையாலும் அடைக்கப் பார்க்கிறோம்.

எங்கள் களப்பணியில் நடந்ததையே சொல்கிறோம். குடிப்பழக்கம் உள்ள ஓர் இளைஞரை ஆறு மாதம் தொடர்ந்து சந்தித்தோம். அண்ணன் அரசு ஊழியர். தம்பி ஒரு கலைக்குழுவில் பறை அடிப்பவர் என்பது எங்கள் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தது. சாவுக்குப் பறையடிக்கும் அடிமை வேலையை மறுத்து நம் இயக்கங்கள் போராடியது சரி. ஆனால் இவர் தானாக விரும்பி மேடையில் அடித்தார். அண்ணன் வெட்கப்பட்டு ஒருமுறைகூடப் பார்க்க வரவில்லை. நாங்களும்தான் போகவில்லை. ஆலோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் என்றால் காவல்காரன் என்று சாதி கற்பித்திருக்கிறது. அந்தக் காவல் தங்கைகளுக்கு என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரிக்க முடியாது என்று பேசினார். சமத்துவம் இல்லாத சகோதரத்துவம் வீட்டுக்குள்ளும் அதிகாரம்தான்.

கதையின் கடைசியில் அண்ணன் இரவு விடுதிக்குப் போகிறார். இருட்டு மூலையில் உட்கார்ந்து, தம்பி பியானோ வாசிப்பதை முதன்முதலாக உண்மையில் கேட்கிறார். சோனி இனி ஹெராயினைத் தொடமாட்டான் என்ற உத்தரவாதம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் உட்கார்ந்திருக்கிறார்.

தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அறிவுரையைப் பையிலேயே வைத்துவிடுங்கள். தம்பியோ தங்கையோ எதைச் சொல்லவருகிறார்கள் என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு அந்தப் பறையைக் கேட்கப் போகிறோம். அண்ணனையும் அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.