ஊர் திரும்பிய பிள்ளை அந்நியனா?

2025 ஜூன் முதல் தேதி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்றார்கள். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்லது. ஆனால், திரும்பிப் போகும் குடும்பத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் டாக்டராக ஆசைப்பட்டால், அவளுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது?

அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழகம் 2020-ல் சட்டம் செய்தது. அதன்படி தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஸ்காலர்ஷிப் எது? 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதை நாமும் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் வாசலிலேயே ஒரு பூட்டு! ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமாம். தில்லி அரசுப் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதில் விழுப்புரத்து அரசுப் பள்ளியில் சேரும் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்காது. வேடிக்கை என்னவென்றால், இருப்பிடச் சான்றிதழ் காட்டினால் வெளிமாநிலத்தில் படித்தவரும் தமிழகத்தின் பொதுப் பட்டியலில் போட்டியிடலாம். போட்டிக்கு அவள் நம் மண்ணின் மகள், உதவிக்கு மட்டும் அந்நியளா?

சட்டத்தைத் தளர்த்த முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். ஏற்கெனவே தளர்த்தியிருக்கிறார்களே! கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. தனியார் பள்ளியில் கழித்த ஆண்டுகளை மன்னிக்கிற சட்டம், பிழைக்கப் போன இடத்தில் அரசுப் பள்ளியில் கழித்த ஆண்டுகளை ஏன் மன்னிக்கக் கூடாது?

நம்மைப் பிழைக்க வந்தவர்கள் என்று சொல்லும் தில்லி என்ன கேட்கிறது? மௌலானா ஆசாத் முதலிய அரசு மருத்துவக் கல்லூரிகளில், தில்லிப் பள்ளிகளில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தவர்களுக்கென்றே 85 விழுக்காடு இடம் இருக்கிறது. தனியார் கல்லூரிகள் வாங்குவதைப் பார்த்தால் அங்கே கட்டணம் அற்பம். வந்த ஊர் கேட்பது இரண்டு ஆண்டு, பிறந்த ஊர் கேட்பது ஏழு ஆண்டு!

எனவே தோழர்களே, சகோதரிகளே, தில்லியில் தங்குபவர்கள் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்குப் பின் நோய்டாவுக்கோ ஃபரிதாபாத்துக்கோ மாற்றுமுன் பத்து முறை யோசியுங்கள். அவை தில்லி எல்லைக்கு வெளியே இருப்பவை. அங்கே படித்தால் இந்த உரிமை போய்விடும். ஊர் திரும்புபவர்களுக்காக நாம் எல்லாரும் ஒரே குரலில் கேட்போம்: எந்த மாநிலமானாலும் அரசுப் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் தமிழக அரசுப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு 7.5 விழுக்காட்டில் பங்கு வேண்டும். சட்டத்தைத் திருத்துங்கள்!

ஊரை விட்டு வந்தது நம் ஆசையால் அல்ல, வயிற்றுப்பாட்டால். அதற்கான தண்டனையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.