வேலி பயிரைக் காக்கவா, பழியை மறைக்கவா?

இரகசியம் இருவகைப்படும். கள்வன் புகாதிருக்கும்பொருட்டு வீட்டுக்காரன் திறப்பை மறைத்து வைப்பது ஒரு வகை. வீட்டினுள்ளே தீப்பற்றியதை அயலவர் அறியாதிருக்கும்பொருட்டுப் படலையைச் சாத்திக்கொள்வது மற்றொரு வகை. முன்னையது முன்மதி, பின்னையது குற்றம். அணுசக்தியை ஆளும் அதிகாரிகள் இவ்விரண்டையும் ஒரே முத்திரையால் மூடிவிடுகின்றனர் என்பதே எமது குற்றச்சாட்டு.

அணுகுண்டின் அமைப்பு இராணுவ இரகசியம். அதைக் காக்கச் சட்டமுண்டு. மீறினாரைத் தண்டிக்க நீதிமன்றமுண்டு. அதைச் சந்தையில் விரிக்கும்படி நாம் கேட்கவில்லை. ஆனால், சட்டப்படி இரகசியமென வகுக்கப்படாதனவும், ஆயினும் கண்டவர் கையிற் சிக்கத்தகாதனவுமான தகவல்களும் உண்டு. அணுநிலையத்தின் காவலர் எத்தனை பேர், எவ்வேளை மாறுகின்றனர், எச்சரிக்கை மணியின் கம்பி எவ்வழி செல்கிறது, எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு என்பன அத்தகையவை. இவற்றை மறைத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர்.

அமெரிக்கப் பாராளுமன்றமாகிய காங்கிரஸ் 1980ஆம் ஆண்டில் அணுசக்திச் சட்டத்திற் புதிய பிரிவொன்றைச் சேர்த்து, இத்தகைய காவல் விபரங்களை மறைக்கும் அதிகாரத்தை அணுக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவுக்கு அளித்தது. அளிக்கும்போதே, மக்களின் நலத்துக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் தேவையான மிகக் குறைந்த அளவு கட்டுப்பாட்டையே விதித்தல் வேண்டும் என்றும் எழுதி வைத்தது. நல்ல சட்டம். ஆயின், அச்சட்டத்தின் அருகே சட்டமில்லாத முத்திரைகள் காளான் போல முளைத்தன. ‘உத்தியோகத் தேவைக்கு மாத்திரம்’ என்பது அவற்றுள் ஒன்று. அதன் பயனை இனிக் காண்போம்.

ரெனசி மாநிலத்தில் ஏர்வின் என்னும் சிற்றூர். அங்கே அமெரிக்கக் கடற்படைக்கு அணு எரிபொருள் ஆக்கும் ஆலை இருக்கிறது. 2004ஆம் ஆண்டில், அவ்வாலை பற்றிய கடிதங்களையும் அறிக்கைகளையும் ஆணைக்குழு அந்த முத்திரையின் கீழ்க் கொண்டுவந்தது. 1,700க்கு மேற்பட்ட ஆவணங்கள் மக்கள் பார்வையினின்றும் அகற்றப்பட்டன. 2006 மார்ச் 6ஆம் நாள், அங்கே உயர்செறிவு யூரேனியக் கரைசல் ஏறக்குறைய 35 லீற்றர் நிலத்தில் ஒழுகிற்று. அக்கரைசல் போதிய அளவு ஒரு பள்ளத்திற் சேர்ந்திருப்பின், அவ்விடத்திலேயே அணுத் தொடர்வினை மூண்டிருக்கலாம். தொழிலாளி ஒருவராவது உயிரிழக்கவும் நேர்ந்திருக்கலாம். நற்காலம், அவ்வாறு நிகழவில்லை.

ஊரார் இதை எப்போது அறிந்தனர்? மறுநாளா? மறுமாதமா? ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னர், 2007ஆம் ஆண்டில், காங்கிரசுக்கு அனுப்பப்பட்ட ஆண்டறிக்கை வாயிலாகவே வெளியுலகம் அறிந்தது! அதற்கிடையில் ஆணைக்குழு அந்நிறுவனத்தின்மீது ஒரு கட்டளை பிறப்பித்திருந்தது. கட்டளையாற் பாதிக்கப்படுவோர் விசாரணை கோரலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் கட்டளையே மறைக்கப்பட்டது. தெரியாத கட்டளையை எதிர்த்து எவன் மனுச் செய்வான்? உரிமை ஏட்டில் இருந்தது. ஏடு பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்தின் திறப்போ, எவருக்கு எதிராக உரிமை வழங்கப்பட்டதோ அவர் கையில் இருந்தது. சட்டம் பயின்றோர் இதற்கு என்ன பெயரிடுவர்?

காங்கிரஸ் உறுப்பினர் ஜோன் டிங்கெல், பார்ட் ஸ்டுபாக் ஆகியோர் தட்டிக் கேட்ட பின்னரே, 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆணைக்குழு கட்டளையை வெளியிட்டு விசாரணைக்கும் இடமளித்தது. வெளியிட்டதால் அமெரிக்கா அழிந்துவிடவில்லை. அப்படியாயின், அதுகாறும் காக்கப்பட்டது நாட்டின் பாதுகாப்பா, அல்லது அதிகாரிகளின் மானமா?

இந்நோய் ஓர் ஆலையோடு நின்றதன்று. அமெரிக்க அரசின் திணைக்களங்களில் நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய முத்திரைகள் வழக்கிலிருந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தாத அவற்றை ஒரே ஒழுங்கின் கீழ்க் கொணரும்பொருட்டு, 2010 நவம்பரில் ஜனாதிபதி ஒபாமா தனிக்கட்டளை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. வல்லரசின் நிலையே இஃதெனின், மற்றவற்றைச் சொல்லவும் வேண்டுமோ?

மன்னார்க் குடாவின் மறுகரையில் கூடங்குளம் இருக்கிறது. அதன் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் இடமதிப்பீட்டு அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தின்படி தமிழகத்து மக்கள் கேட்டனர். மறுக்கப்பட்டது. 2012 ஏப்ரில் 30ஆம் நாள் மத்திய தகவல் ஆணையாளர் சைலேஷ் காந்தி, உபகரணம் வழங்குவோரின் தனியுரிமை வடிவமைப்புகளை மாத்திரம் நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுக்குமாறு தீர்ப்பளித்தார். இதனினும் நியாயமான தீர்ப்பு வேறென்ன? ஆயினும் அணுமின் கழகம் டெல்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

மக்களிடமிருந்து இத்துணை விழிப்போடு காத்தவர்கள், பகைவரிடமிருந்து எவ்வாறு காத்தனர்? 2019 செப்டெம்பரில், கூடங்குளத்தின் நிர்வாகக் கணினியொன்றில் நச்சு நிரல் புகுந்திருப்பதாக அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஒக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தார், அது பொய்ச் செய்தி என்றனர். மறுநாளே அணுமின் கழகம் உண்மையென ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனித்தவை, அவை தீண்டப்படவில்லை என்றும் கூறியது. முன்வாசலில் ஊராரை மறித்து நின்ற காவலன், பின்வேலியின் பொட்டைக் கண்டானல்லன்! 2025 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாகச் ‘சாந்தி’ என்னும் புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும், தகவலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசின் கையிலேயே இருக்கிறது.

நமக்கு இதில் என்ன என்று கேட்போருக்கு விடை கூறுவோம். காற்றுக்கும் கடலுக்கும் கடவுச்சீட்டு இல்லை. 1994ஆம் ஆண்டின் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையை இந்தியாவும் இலங்கையும் ஏற்றுக்கொண்டுள்ளன. கதிரியக்க ஆபத்து நேரின் பாதிக்கப்படக்கூடிய அயல்நாட்டு அதிகாரிகளுக்கு, ஆபத்துக்காலத் திட்டம் வகுப்பதற்கு வேண்டிய தகவலை வழங்க அவ்வுடன்படிக்கை கட்டளையிடுகிறது. அத்தகவலைக் கொழும்பு கேட்டுப் பெறுதல் வேண்டும். பெற்றதை மேசை அறையிற் பூட்டாமல், மன்னார்க் கடற்றொழிலாளிக்கும் வன்னிக் கமக்காரனுக்கும் அவர்தம் மொழியாகிய தமிழிலே அறிவித்தல் வேண்டும்.

இலங்கைக்கும் 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு. பின்னைய சட்டத்தில், மறைக்கத்தக்க பகுதியைப் பிரித்தெடுத்து ஏனையதைக் கொடுக்கவும், பொதுநலம் மேலோங்கின் மறைப்பைத் தள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. இந்நாட்டில் அணுமின் பற்றிய பேச்சு எழுந்துள்ள இவ்வேளையில், நமது கோரிக்கைகளை இப்போதே முன்வைக்கின்றோம்.

பாராளுமன்றம் வகுத்த வகையன்றி, எந்த அதிகாரியும் தம் விருப்பின்படி முத்திரை குத்தலாகாது. குத்துவோர் தம் பெயரையும் காரணத்தையும் முடிவுத் தேதியையும் எழுதுதல் வேண்டும். காவலும் பூட்டும் பற்றிய வரிகளை வெட்டலாம். ஏட்டை முழுவதும் விழுங்கலாகாது. விபத்து, கசிவு, அதிகாரிகளின் தவறு ஆகிய மூன்றும் ஒருபோதும் மறைக்கத்தக்கவை அல்ல. மறைப்பு முறையானதோ என்பதைத் தீர்க்கும் உரிமை மறைத்தவருக்கன்றி, சுதந்திரமான வேறொரு சபைக்கே உரியது.

கிடுகுவேலி கட்டத் தெரிந்தவர் நமது கமக்காரர். வேலி எதற்கு என்பதை எவரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. கட்டாக்காலி மாடு புகாதிருக்க வேலி வேண்டும். கிணற்றில் நஞ்சு விழுந்ததை மறைக்க வேலி கட்டுவோனை அவர் அயலவன் என்று அழையார். அரசுக்கும் அதே நீதிதான். சட்டமறிந்தோர் சட்டத்தால் வினவுக. பொறியியலறிந்தோர் அறிவால் வினவுக. நிலமும் நீரும் உடையோர் அவ்வுரிமையால் வினவுக. விபத்து நேர்ந்த பின்னர்க் கேட்கும் கேள்விக்கு விசாரணைக் கமிஷனே விடையாகக் கிடைக்கும். இன்றே கேட்போம்.