கோழியின் தலையில் விழும் பழி

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையின் பனியன் கம்பெனிகளில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் குரல்பதிவுகளுள், பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டே வளர்க்கிறார்கள், அதைத் தின்பதால்தான் சிறுமியர் சீக்கிரமே வயதுக்கு வருகிறார்கள் என்று அடித்துச் சொல்லும் பதிவுக்கு மட்டும் மூப்பே இல்லை. அண்மையில் அது மீண்டும் உலா வரத் தொடங்கியிருக்கிறது. பேசுபவர் பெரிய மருத்துவராம், பெயர் மட்டும் கிடையாது.

ஹார்மோன் என்பது நாளமில்லாச் சுரப்பிகள் நேரே இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள். உடல் முழுவதும் சுற்றினாலும், தனக்குரிய ஏற்பி அமைந்த செல்களிடம் மட்டுமே அது செல்லுபடியாகும். கோழிக்குப் போடுவதாகச் சொல்லப்படும் வளர்ச்சி ஹார்மோன், மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உருவாகும் புரதம். புரத ஹார்மோனைத் தின்றால் என்ன ஆகும் என்பதற்கு இன்சுலினே சாட்சி. கணையம் சுரக்கும் இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது தொடங்கி, நீரிழிவு நோயாளிகள் நூறாண்டாக வயிற்றிலும் தொடையிலும் குத்திக்கொள்வது, விழுங்கினால் குடல் அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும் என்பதால்தான். கொதிக்கும் குழம்பிலும் ஹார்மோன் சாகாது என்று நம்பும் வீட்டில், இன்சுலின் புட்டி மட்டும் வெயிலுக்கு அஞ்சிக் குளிர்பெட்டியில் இருக்கும். தைராய்டு மாத்திரை வாய்வழியே பலிக்கிறதே என்பாருக்கு ஒரு சொல்: தைராக்சின் சிறு மூலக்கூறு, புரதமன்று, வளர்ச்சி ஹார்மோனோ இன்சுலின் கட்சி.

செலுத்தினாலும் சில நிமிடங்களில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் ஹார்மோனை, பல்லடத்துப் பண்ணைக் கொட்டகையின் ஐயாயிரம் கோழிகளுக்கும் தினம் பலமுறை, நாற்பது நாள் போட வேண்டும். பனியன் தைக்கும் பவர் டேபிளுக்கே ஆள் கிடைக்காத ஊரில் அதற்கு ஆட்களை எங்கிருந்து திரட்டுகிறார்களோ! குஞ்சுக்குக் கொடுப்பது வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து, அதுவும் பெரும்பாலும் கண்ணிலோ குடிநீரிலோ. கோழி பெருத்ததற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகச் செய்த தெரிவு: கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம் ஆண்டு இனத்துக்கும் 2005-ஆம் ஆண்டு இனத்துக்கும் ஒரே தீவனம் வைத்தபோது, 56-ஆம் நாளில் முன்னது 905 கிராமும் பின்னது 4,202 கிராமும் எடையிருந்தன.

பூப்பெய்துதலுக்கான ஆணை கோழியிலிருந்து வருவதில்லை. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது சினைப்பையைத் தூண்டுகிறது, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினோ உடலில் போதிய இருப்பு உண்டென்று மூளைக்குத் தெரிவிக்கிறது. பரோட்டாவும் புட்டிப்பானமும் பெருக்கிய கொழுப்பைப் பற்றிக் குரல்பதிவு வாய் திறப்பதில்லை. கோழியின் மேல் உண்மையான குற்றச்சாட்டு வேண்டுமென்றால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இருக்கிறது. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை நடுவண் அரசு 2019-இல் தடை செய்தது, ஆனால் அதில் பெண் பிள்ளைகளைப் பற்றிய கிசுகிசு இல்லாததால் யாரும் பரப்பவில்லை.

இரவில் சுரக்க வேண்டிய மெலட்டோனினைக் குழல்விளக்கின் கீழ் அடக்கி, விடியலில் உயர வேண்டிய கார்ட்டிசாலின் நேரத்தைக் கலைத்து, சுரப்பிகளின் கால ஒழுங்கையே குலைக்கும் ஒன்றரை ஷிப்டு, குரல்பதிவு உலவும் அதே பனியன் கம்பெனிகளில்தான் ஓடுகிறது. அதைக் கண்டித்துப் பதிவு போட்டால் மறுநாள் கம்பெனி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால், கோழியே எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.