விதைநெல் காவாத வீடு

மண்ணச்சநல்லூர் நெல்லாலைகளின் நடுவே வாழ்வார்க்கு இது புதிதன்று: நெல்லைத் தேடிக் குவித்தல் ஒரு பணி, உமி நீக்கி அரிசியாக்கல் வேறொரு பணி. உழவர் வீட்டுக்கு மூன்றாவது பணியும் உண்டு. அது விதைநெல் காத்தல். முதலிரு பணிகளையும் ஆவணப்படத் துறையில் ஒற்றையாளாய் நின்று முடித்தவர் அ. கருப்பன் செட்டியார். மூன்றாவது பணி தமிழருக்குரியது. அதனை அவர்கள் செய்திலர்.

திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஓடும் படத்தை ஊர்தோறும் கொண்டு சென்றார். அன்று அது வேடிக்கைப் பொருள். அவ் வேடிக்கைப் பொருளை வரலாற்றுக் கருவியாக்கிய பெருமை, ஏ.கே. செட்டியார் என நாடறிந்த இக் கோட்டையூர்த் தமிழரைச் சாரும்.

1911-இல் பிறந்த அவர், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937-இல், கடற்செலவின் நடுவே, காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்கும் எண்ணம் கொண்டார். அன்று அவருக்கு அகவை இருபத்தைந்தே. ஏறத்தாழ நூறாயிரம் கல் தொலைவு அலைந்தார். முப்பதாண்டுகளாகப் பலர் எடுத்துவைத்த படச்சுருள்களைத் தேடி 50,000 அடி திரட்டினார். அதனைப் புடைத்துத் தெள்ளி 12,000 அடியாக்கி, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு திரையிட்டார். அயலார் ஆட்சியும் உலகப் போரும் ஒருங்கே நெருக்கிய காலம் அது!

கற்பிப்பாரையும் இதழ் நடத்துவாரையும் 'ஆசிரியர்' என்னும் ஒரே சொல்லால் அழைப்பது தமிழ். அச் சொல்லின் இரு பொருளுக்கும் உரியவராய் 1943 முதல் 'குமரி மலர்' இதழை நடத்தினார். மறைந்துகிடந்த பழங்கட்டுரைகளைத் தேடியெடுத்து மீண்டும் அச்சேற்றினார். அவர் தனித்தமிழ் நெறியினர் அல்லர். ஆயினும் எளிமையும் செறிவும் வாய்ந்த அவர் நடை, தமிழுக்கு உற்ற நண்பர் ஒருவரின் நடையே. தம்மை முன்னிறுத்தாது பணியை முன்னிறுத்திய அப் பெருமகன், திருவள்ளுவர் ஆண்டு 2014-இல் (கி.பி. 1983) மறைந்தார்.

அவர் மறைவினும் பெருந்துயர் ஒன்றுண்டு. அத் தமிழ்ப் படத்தின் முழுப்படி இன்று தமிழர் கையில் இல்லை! பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து கண்டெடுக்கப் பெற்றது, 1953-இல் ஆங்கிலத்தில் அமைந்த மாற்றுவடிவமே. படம் பிழைத்தது, அதில் ஒலித்த தமிழ் பிழைத்திலது. உலகெங்கும் சிதறிக் கிடந்ததை ஒருவர் திரட்டினார். திரட்டித் தந்ததை ஓரினமே தொலைத்தது.

தமிழீர்! நண்பரை இழந்தார் அழுதல் இயல்பு. அவர் உழைப்பையும் இழந்துவிட்டு அழுதல் நாணத்தக்கது. பழம் பெட்டிகளில் துருவேறும் படச்சுருள்களையும், கூத்தர், பாணர், உழவர் குரல் பதிந்த ஒலிநாடாக்களையும் குப்பையெனத் தள்ளற்க. பள்ளியாசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு ஊர்தோறும் அவற்றைத் தேடிப் படியெடுத்து நூலகங்களில் சேர்ப்பாராக. செட்டியாருக்குச் செய்யத்தக்க நினைவுக்கடன் அதுவே. விதைநெல் காவாத வீட்டுக்கு அடுத்த விளைச்சல் இல்லை!