ஆண்டு எண்ணே உற்பத்தி எண்ணாகும்போது

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்ஷே நிறுவனம், தனது 911 என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2023 ஆகஸ்டில் '911 எஸ்/டி' என்ற சிறப்புப் பதிப்பை அறிவித்தபோது, உலகம் முழுவதற்குமாக 1,963 கார்கள் மட்டுமே தயாரிக்கப்படும் என்றது. அமெரிக்காவில் அதை வாங்க விரும்புவோர் முதல் ஓராண்டுக்குக் குத்தகையாகவே, அதாவது காரின் உரிமை நிறுவனத்திடம் இருக்க மாதத் தவணை கட்டி ஓட்டும் ஏற்பாட்டின்படியே, அதைப் பெற முடியும் என்ற நிபந்தனையும் பின்னர் சேர்ந்தது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் டாலர் விலையுள்ள ஒரு பொருளை, முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவருக்குக்கூட உடனே விற்க மறுக்கும் இந்த நிபந்தனை பலருக்கும் புதுமையாகத் தோன்றியது. ஆனால், அதற்கு முந்தைய அறிவிப்பிலிருந்த 1,963 என்னும் எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டால், குத்தகை நிபந்தனை அதன் இயல்பான விளைவே என்பது புலப்படும்.

1,963 என்பது தொழிற்சாலையின் திறனைக் கணக்கிட்டோ வாங்குவோரின் தேவையை அளந்தோ எட்டப்பட்ட எண் அன்று. 911 முதன்முதலில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட ஆண்டு அது. 1963 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கார் கண்காட்சியில் '901' என்ற பெயரில் அது அறிமுகமானது. நடுவில் பூஜ்யம் கொண்ட மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால், 1964இல் விற்பனைக்கு வரும்போது பெயர் 911 என மாற்றப்பட்டது. கண்காட்சி ஆண்டை விடுத்து உற்பத்தி தொடங்கிய ஆண்டையே கார் பிறந்த ஆண்டாக நிறுவனம் கொண்டிருந்தால், உலகில் இன்னும் ஒருவருக்கு ஒரு எஸ்/டி கிடைத்திருக்கும்!

இந்த வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்ததும் இல்லை. 25ஆம் ஆண்டுக்காக 1988இல் வந்த சிறப்புப் பதிப்பில் 875 கார்கள் தயாரிக்கப்பட்டன. அந்த எண்ணுக்குக் குறியீட்டுப் பொருள் எதுவும் இல்லை. 1993இல் 30ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 911 கார்கள் என்று வரம்பு அறிவிக்கப்பட்டபோது காரின் பெயரே எண்ணிக்கையாயிற்று. 2003இல் 40ஆம் ஆண்டுக்கும் 2013இல் 50ஆம் ஆண்டுக்கும் 1,963 என்றே வரம்பு வைக்கப்பட்டது. ஆக, 2023 பதிப்பையும் சேர்த்தால், அந்த ஒரே ஆண்டின் நினைவாக மட்டும் 5,889 கார்கள் என்றாகிறது. நிறுவனத்தின் முதல் கார் உருவான 1948ஐ நினைவுகூரும் 911 ஸ்பீட்ஸ்டர் 1,948 கார்களாகவும், 911 டர்போவின் 50ஆம் ஆண்டுப் பதிப்பு 1,974 கார்களாகவும் வரையறுக்கப்பட்டன. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனமும் 1964இல் பிறந்த தனது மஸ்டாங்கின் பொன்விழாப் பதிப்பை 1,964 கார்களோடு நிறுத்திக்கொண்டது. நாள்காட்டி உற்பத்தித் திட்டத்தை வகுக்கும் இந்த முறையில், ஒரு கார் எவ்வளவு பிந்திப் பிறக்கிறதோ அவ்வளவு கூடுதலாக அதன் நினைவுப் பதிப்பு தயாரிக்கப்படும் என்னும் வேடிக்கையும் அடங்கியிருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றில் குறைந்த எண்ணிக்கைக்கு முற்காலத்தில் வேறொரு காரணம் இருந்தது. பந்தயத்தில் ஓடும் கார், பொதுமக்களுக்கும் விற்கப்படும் காரின் வழிவந்ததாக இருக்க வேண்டும் என்பதற்காக, குறிப்பிட்ட எண்ணிக்கையில் சாலைக் கார்களைத் தயாரித்துக் காட்டிய பின்னரே அந்த மாதிரியைப் பந்தயத்துக்கு அனுமதிக்கும் விதி நடைமுறையில் இருந்தது. இந்த அனுமதி முறை 'ஹோமோலொகேஷன்' எனப்படுகிறது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட 911 காரேரா ஆர்.எஸ். 2.7 இந்த விதிக்காகவே பிறந்தது. குறைந்தது 500 கார்கள் தேவைப்பட்டன. அத்தனை கார்களையும் விற்க முடியுமா என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவே ஐயுற்றது. எடை குறைக்கப்பட்டு, பின்புறத்தில் வாத்து வால் போல் மேல்நோக்கி வளைந்த காற்றுத் தடுப்புடன் வந்த அந்தக் காருக்குச் சில வாரங்களிலேயே 500 பேரும் கிடைத்துவிட, தயாரிப்பு தொடர்ந்து, மொத்தம் 1,580 கார்களில் முடிந்தது. திட்டமிட்டதைப் போல் மூன்று மடங்கு தயாரிக்கப்பட்டதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. 911 வரிசையில் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலையும் கார்களுள் அது முதன்மையானது. அன்றைய விதி கேட்டது குறைந்தபட்ச எண்ணிக்கையை; இன்றைய நினைவுப் பதிப்பு அறிவிப்பது உச்சவரம்பை. முன்னது நிறுவனத்தை மேலும் தயாரிக்கத் தூண்டியது. பின்னது, மேலும் கேட்போர் வாசலில் நிற்கும்போதே, நிறுவனம் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் ஏற்பாடாகும்.

எஸ்/டி வெறும் சின்னம் ஒட்டிய கார் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது நியாயமாகாது. டர்போ இல்லாமல், அதாவது விசையூட்டி காற்றை உள்ளே திணிக்கும் கருவியின் உதவியின்றித் தானே காற்றை உறிஞ்சி இயங்கும் அதன் நான்கு லிட்டர் எஞ்சின், பந்தயத் தளத்துக்கு நெருக்கமான 911 ஜி.டி.3 ஆர்.எஸ். மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது; மெட்ரிக் அளவில் 525 குதிரைத்திறனைத் தரும் அது நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை சுழலும். ஆர்.எஸ். மாதிரியில் தானியங்கி கியர் மட்டுமே உண்டு. எஸ்/டியிலோ ஓட்டுநர் கையால் மாற்றும் ஆறு கியர் மட்டுமே உண்டு. சுழற்சியைச் சீராக வைத்திருக்கும் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரமும் கிளட்சும் புதிதாக வடிவமைக்கப்பட்டு, சுழலும் பாகங்களின் எடை 10.5 கிலோ குறைக்கப்பட்டது. இதனால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் தாமதமின்றி வேகமெடுக்கிறது. பின்சக்கரங்களையும் சற்றே திருப்பும் அமைப்பு நீக்கப்பட்டது. கூரையும் கதவுகளும் கார்பன் இழையால் செய்யப்பட்டன. மொத்த எடை 1,380 கிலோ. அந்தத் தலைமுறை 911களில் இதுவே மிக இலேசானது. ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் இயந்திரத்துக்கும் இடையே இருக்கும் தடைகளைக் களைவதே இதன் பொறியாளர்கள் மேற்கொண்ட வேலை. அந்த வேலையில் கண்காட்சி ஆண்டுக்கோ ஆண்டுவிழாவுக்கோ எந்தப் பங்கும் இல்லை. இதே எஞ்சினையும் கியரையும் 1,963 கார்களிலும் வைக்கலாம், ஐயாயிரம் கார்களிலும் வைக்கலாம்.

வாங்குவோர் உண்மையில் எதற்காக விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு, எஸ்/டியின் முன்னோடியான 911 ஆர் ஒரு சோதனைக்கூடம்போல் அமைந்தது. 2016இல் 991 கார்களுக்கு வரம்பிட்டு வெளிவந்த அதில், ஜி.டி.3 வகை எஞ்சினும் கைக் கியரும் இணைந்திருந்தன. அப்போது விற்பனையிலிருந்த ஜி.டி.3இல் தானியங்கி கியர் மட்டுமே கிடைத்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய 1,85,000 டாலர் பட்டியல் விலையுள்ள அந்தக் காருக்கு மறுவிற்பனைச் சந்தையில் அதைப் போல் பல மடங்கு விலை கேட்கப்பட்டது. மறு ஆண்டே, எண்ணிக்கை வரம்பு இல்லாத புதிய ஜி.டி.3இலும் கைக் கியர் கிடைக்கும் என்று போர்ஷே அறிவித்ததும், 911 ஆரின் விலை கணிசமாக இறங்கியது. அதன் எண்ணிக்கை 991லிருந்து ஒன்றுகூடக் கூடவில்லை. கூடியது, அதே அனுபவத்தைத் தரும் மாற்றுக் கார்களின் எண்ணிக்கை. அருமை என்று அதுவரை கருதப்பட்டதில் ஒரு பெரும்பகுதி, வேறெங்கும் கிடைக்காத ஒரு பொறியியல் சேர்க்கையின் மீதிருந்த நாட்டமே என்பது அப்போது தெளிவாயிற்று. எஞ்சிய பகுதி, வாங்கி உடனே கைமாற்றிவிடுபவர்களின் எதிர்பார்ப்பு. எஸ்/டியின் குத்தகை நிபந்தனை இந்த இரண்டாவது பகுதியைக் குறிவைத்தே கொண்டுவரப்பட்டது.

இத்தகைய கட்டுப்பாட்டுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. இத்தாலியின் ஃபெராரி, தனது 50ஆம் ஆண்டை முன்னிட்டு 1995இல் வெளியிட்ட, 349 கார்களோடு நிறுத்திய எஃப்50 காரை அமெரிக்காவில் இரண்டாண்டுக் குத்தகையாக வழங்கியது. 1966இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பெற்ற வெற்றியின் அரைநூற்றாண்டை ஒட்டி உருவாக்கிய ஜி.டி. காரை, இரண்டாண்டுகளுக்குள் விற்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டே ஃபோர்டு கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தை மீறி விற்றதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது 2017இல் ஃபோர்டு வழக்குத் தொடர்ந்தது. மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. ஃபோர்டின் வழி சட்டத்தில் வலுக்குறைந்தது. விற்றுவிட்ட பொருளின் மீது ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கொண்டாட வேண்டியிருந்தது. குத்தகை முறையில் உரிமையே கைமாறுவதில்லை என்பதால் வழக்குக்கு இடமேது? எனினும் இரண்டுமே ஒத்திவைப்புதான். கெடு முடிந்தபின் கார் சந்தைக்கு வருவதை எதனாலும் தடுக்க முடியாது. ஓராண்டு முடிந்து ஏலத்துக்கு வந்த எஸ்/டிக்கள் பட்டியல் விலையைவிட மிக அதிகமான தொகைக்கே விலைபோயின. செயற்கையாக ஓர் உச்சவரம்பை விதித்துவிட்டு, அதனால் எழும் ஊக வணிகத்தை மற்றொரு விதியால் அடக்க முயல்வது, அணையின் மதகை மூடிவிட்டு நீர்மட்டம் உயர்வதைக் கண்டு வியப்பதற்கு ஒப்பானது.

உச்சவரம்பை மீறிய நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் காண வேண்டும். ஃபெராரி தனது 40ஆம் ஆண்டுக்காக 1987இல் அறிமுகப்படுத்திய எஃப்40, முதலில் 400 கார்கள் என்றே திட்டமிடப்பட்டது. நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைவதற்கு முந்தைய ஆண்டு அது. தேவை பெருகவே, 1992 வரை 1,300க்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் அதன் விலை சரிந்தது உண்மை; அப்போது பொருளாதார மந்தத்தால் சேகரிப்புக் கார்களின் சந்தை முழுவதுமே சரிந்தது என்பதும் உண்மை. இன்று, ஃபெராரியின் பிந்தைய ஆண்டுவிழாக் கார்கள் எண்ணிக்கையில் அதைவிடக் குறைந்தவையாக இருந்தும், ரசிகர்களின் பேச்சில் எஃப்40 அவற்றுக்குப் பின்தங்கவில்லை. மறுபுறம், லம்போர்கினி தனது 25ஆம் ஆண்டுக்காக 1988இல் கொண்டுவந்த கௌன்டாஷ் பதிப்பு 650க்குச் சற்று அதிகமாக மட்டுமே தயாரிக்கப்பட்டும், நெடுங்காலம் அந்த வரிசையில் குறைத்தே மதிக்கப்பட்டது. பக்கவாட்டில் சேர்க்கப்பட்ட காற்றுத் துளைகளும் வரிப்பட்டைகளும் மூலவடிவத்தின் தூய்மையைக் கெடுத்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நிறுவனங்கள் இந்த வழியைக் கைவிடாததற்கு வலுவான வணிகக் காரணம் உண்டு. 2023இல் போர்ஷே உலகெங்கும் 3,20,000க்கும் மேற்பட்ட கார்களை ஒப்படைத்தது; அவற்றில் 911 ஏறக்குறைய 50,000 மட்டுமே. கையேன், மக்கான் என்னும் இரு குடும்பக் கார்கள் பாதிக்கும் மேலான பங்கைப் பெற்றன. அந்தக் குடும்பக் கார்களுக்குக் கூடுதல் விலை சொல்ல உதவுவது 911இன் புகழே; அந்தப் புகழுக்கு அவ்வப்போது எண்ணெய் வார்க்கும் நிகழ்வுகளே ஆண்டுவிழாப் பதிப்புகள். 2022இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தனது மூலதனத்தை 91 கோடியே 10 லட்சம் பங்குகளாக, அதாவது 911 மில்லியனாகப் பிரித்த நிறுவனத்துக்கு எண்களின் கவர்ச்சியைக் கற்பிக்க வேண்டிய தேவையில்லை.

இதே விளையாட்டை எளிய விலையிலும் ஆட முடியும் என்பதை ஜப்பானின் மாஸ்டா காட்டியிருக்கிறது. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அதன் எம்.எக்ஸ்-5, பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற இரு இருக்கைக் கார். அதன் 30ஆம் ஆண்டுப் பதிப்பாக ஆரஞ்சு நிறத்தில் 3,000 கார்கள் வந்தன. ஏறத்தாழ 35,000 டாலர் விலையில் அமெரிக்காவுக்கு ஒதுக்கிய 500 கார்களும் சில மணி நேரத்தில் முடிந்தன. மாஸ்டா செய்தது, அந்த நாட்டுக்கு மேலும் 143 கார்களை ஒதுக்கியது மட்டுமே. வாங்கியவர் அடுத்த நாளே விற்றாலும் யாரும் வழக்குத் தொடரவில்லை.

எஸ்/டி போன்ற கார்களுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. 2035 முதல் விற்கப்படும் புதிய கார்கள் கரியமில வாயுவை வெளியிடவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அதைத் தளர்த்துவது பற்றிய வாதம் தொடர்ந்தாலும், டர்போ இல்லாத உயர்சுழற்சி எஞ்சினுக்கு நீண்ட எதிர்காலம் இல்லை. 2024இல் 911 வரிசைக்குள் மின்மோட்டார் துணையோடு இயங்கும் எஞ்சின் முதன்முதலாக நுழைந்தது. 2033இல் 70ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்போது, இப்போதுள்ள எஞ்சினை அதில் வைக்கப் போர்ஷேயால் இயலாமல் போகலாம். ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டது என்று நிறுவனம் சொல்லும் ஒரு காரை, இன்னும் செய்ய முடிகிற காலத்தில், நாள்காட்டி எண்ணோடு நிறுத்திக்கொள்வது பொறியியலுக்குச் செய்யும் அநீதியாகும். அறிவித்த ஓராண்டுக்குள் பதிவு செய்யும் அனைவருக்கும் காரைத் தயாரித்துக் கொடுத்து, அதன்பின் உற்பத்தியை நிறுத்திவிடுவது ஒரு வழி. ஆண்டைக் கொண்டாடவே பதிப்பு வருகிறது என்றால், ஓராண்டுக் காலத்தையே வரம்பாக வைப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. வாங்குபவர் பதிவு செய்யும்போது இறுதி எண்ணிக்கையை அறியமாட்டார் என்பதால் ஊக வணிகருக்கும் அதில் நம்பகமான கணக்குக் கிடைக்காது. முதல் நாளிலேயே முழுவதும் விற்றுத் தீர்ந்தது என்னும் செய்தியை மட்டும் நிறுவனம் இழக்க நேரும். அந்தச் செய்திக்காகவே எண்ணிக்கை குறைக்கப்படுகிறது என்றால், வாங்குபவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.